மாயப்புனைவு நாவலில் நட்பு ஒட்டவில்லை, துரோகம் திடீரென்று வருகிறது: எங்கே திருத்துவது?

உப்பங்கழி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாயப்புனைவு நாவலின் முதல் வடிவம் கையில் இருக்கிறது. 32 அத்தியாயம், ஏறக்குறைய 1,10,000 சொல். கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாயகி ஒரு விளக்கை ஏழு தீவு தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தரையில் வைத்தால் விளக்கு அணைந்துவிடும், எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருந்தாக வேண்டும். கூடவே அவளுடைய சிறுவயதுத் தோழி வருகிறாள். 4ஆம் அத்தியாயத்தில் ஒரு படகோட்டி சேர்ந்துகொள்கிறான். 21இல் அவன் இவர்களை எதிரியிடம் காட்டிக்கொடுக்கிறான். 29இல் மனம் மாறித் திரும்பி வருகிறான்.

படித்துப் பார்த்த ஐந்து பேரும் ஒரே மாதிரி மூன்று குறை சொன்னார்கள். 21இல் வரும் துரோகம் வானத்திலிருந்து குதித்ததுபோல் இருக்கிறதாம். 29இல் அவனை ஏற்றுக்கொள்வது நம்பும்படி இல்லையாம். தோழி "கூடவே வருகிறாள், அவ்வளவுதான்" என்கிறார்கள். "உன்னை நம்புகிறேன்" என்று பாத்திரங்கள் 6 இடத்தில் சொல்கிறார்கள், அப்படியும் நட்பு உறைக்கவில்லை. இன்னும் உரையாடல் சேர்க்க வேண்டுமா? இதை நன்றாகச் செய்த நாவல்களை எடுத்துக்காட்டிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

எழுத்தாணி:

உரையாடல் சேர்க்க வேண்டாம். முதல் வேலையாக அந்த 6 இடத்தையும் அடித்துவிடுங்கள். நம்புகிறேன் என்று வாயால் சொல்ல எந்தச் செலவும் இல்லை. இழந்தால் திரும்பக் கிடைக்காத ஒன்றை அடுத்தவர் கையில் கொடுக்கும்போதுதான் வாசகருக்கு நெஞ்சு பதறும். சாதாரண நாவலில் அப்படிக் கொடுக்கப் பணம் இருக்கிறது, மானம் இருக்கிறது, ரகசியம் இருக்கிறது. மாயப்புனைவில் அதைவிட வசதி அதிகம். எதைக் கொடுத்தால் உயிர் போகும் என்கிற விதியையே நாம்தான் எழுதுகிறோம்.

இதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த உதாரணம் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'. அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று, மெய்ப்பெயர் ஒன்று. மெய்ப்பெயர் தெரிந்தவன் கையில் அந்த ஆளின் உயிரே இருக்கிறது. அதனால் யாரும் அதை வெளியே சொல்வதில்லை. இந்த விதியின் கனம், கதாநாயகன் கெட் ரோக் தீவு மந்திரப் பள்ளியின் வாசலில் தன் மெய்ப்பெயரைச் சொல்லத் தயங்கி நிற்கும் இடத்திலேயே, வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு கெட் ரோக் தீவுப் பள்ளியில் படிக்கும்போது, சக மாணவன் ஜாஸ்பர் சீண்டியதற்காகச் செத்தவளின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் உலகத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பிளவை அடைக்கப்போய்த் தலைமை மந்திரவாதி நெம்மெர்லே உயிரையே விடுகிறார். கெட் முகத்தில் வடுவோடு எழுந்து வருகிறான். நம்பிக்கை, பேச்சு, கர்வம் எல்லாம் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் வெட்ச் என்ற தோழன் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புகிறான். கிளம்பும் முன், கெட் கேட்காமலேயே, தன் மெய்ப்பெயர் எஸ்டாரியோல் என்று சொல்கிறான். பதிலுக்குக் கெட்டும் தன் பெயரைச் சொல்கிறான். அந்தக் காட்சியின் சாரம் அவ்வளவுதான். கட்டிப்பிடித்தல் இல்லை, நீண்ட பேச்சு இல்லை.

இது ஏன் வேலை செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கொடுக்கும் பொருளின் விலை வாசகருக்கு முன்பே தெரியும். வாங்குகிறவன் அப்போதுதான் பெரிய தவறு செய்தவன், அதைப் பெறக் கொஞ்சமும் தகுதியில்லாத நிலையில் இருக்கிறான். கொடுக்கிறவன் பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் காட்சி பாதியாகிவிடும். கெட் வெற்றி பெற்ற நாளில் வெட்ச் பெயரைச் சொல்லியிருந்தால் அது பரிசளிப்பு விழா.

லெ குவின் இதோடு விட்டுவிடவில்லை. பின்னால் ஆஸ்கில் தீவில், வழிகாட்டி உடலுக்குள் புகுந்துகொண்ட நிழல் திரும்பி நின்று கெட்டை அவன் மெய்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அந்த நொடியில் அவன் மந்திரம் செயலிழந்துவிடுகிறது. நண்பன் வாயில் அடைக்கலமாக இருந்த அதே பெயர் பகைவன் வாயில் ஆயுதமாகிறது. ஒரே விதி இரண்டு பக்கமும் வெட்டுவதைக் காட்டிய பிறகுதான் வெட்ச் செய்ததன் கனம் முழுதாகப் புரிகிறது. கடைசிக் கடல் பயணத்துக்கு வெட்ச் தானாகக் கூடவே வரும்போது அவன் விசுவாசத்தை நிறுவ ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை.

இப்போது உங்கள் கதை. கைமாற்றிப் பிடிக்க வேண்டிய விளக்கு! உங்களிடம் அந்த மெய்ப்பெயருக்குச் சமமான பொருள் ஏற்கெனவே இருக்கிறது. நாயகி தூங்கித்தானே ஆக வேண்டும்? அவள் தூங்கும்போது விளக்கு யார் கையில்? இந்தக் கேள்விக்குக் கைப்பிரதியில் எந்த அத்தியாயத்தில் பதில் வருகிறது என்று பாருங்கள்.

ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள். நம்பிக்கை வரும் ஒவ்வொரு காட்சிக்கும் முதல் பத்தியில் கொடுக்கப்படும் பொருள். இரண்டாவதில் வாங்கியவர் ஏமாற்றினால் என்ன நடக்கும். மூன்றாவதில் அந்த ஆபத்து வாசகருக்குத் தெரியவரும் அத்தியாய எண். மூன்றாவது பத்தியில் உள்ள எண், காட்சி வரும் அத்தியாயத்துக்குக் குறைந்தது இரண்டு அத்தியாயமாவது முன்னால் இருக்க வேண்டும். அதே அத்தியாயத்தில் விதியைச் சொல்லி அதே அத்தியாயத்தில் பயன்படுத்தினால், காட்சிக்காக விதி செய்ததுபோல் தோன்றும்.

உப்பங்கழி:

எடுத்துப் பார்த்தேன். விளக்கைக் கைமாற்ற வேண்டும் என்பது 15ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. அதுவரை அவள் தூங்குவது பற்றி எதுவுமே எழுதவில்லை. 15இல் முதல்முறை வாங்குவது படகோட்டி. தோழி ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை.

பனைநிழல்:

அப்படியானால் தோழி விஷயத்தின் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. நான் துரோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எழுத்தாணி விட்ட இடம் அது.

துரோகம் திடீரென்று நடக்கலாம். ஆனால் நடந்து முடிந்ததும் வாசகர் திரும்பிப் பார்த்தால் படிக்கட்டு தெரிய வேண்டும். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் கோல்லம் செய்யும் துரோகத்தை எடுத்துக்கொள்வோம். ஃப்ரோடோ ஒரு தீய மோதிரத்தை எரிமலை நெருப்பில் போட்டு அழிக்கப் போகிறான், கூடவே அவன் வேலையாள் சாம். கோல்லம் அந்த மோதிரத்தை முன்பு வைத்திருந்து இழந்தவன், இன்னும் அதற்கு ஏங்குகிறவன். நூலின் பின்னிணைப்பில் நாள்வாரியாகக் காலக்கணக்கு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு படித்தால் வடிவம் துல்லியமாகத் தெரியும்.

பிப்ரவரி 29: ஃப்ரோடோவும் சாமும் கோல்லத்தைப் பிடிக்கிறார்கள். எல்ஃப் இனத்தார் செய்த கயிறு அவன் உடம்பைச் சுடுகிறது. மோதிரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன் என்கிறான். ஃப்ரோடோ விடவில்லை. தொட வேண்டாம், அதன் பேரில் சத்தியம் செய் என்கிறான். சத்தியம் முடிந்ததும் கயிற்றை அவிழ்க்கிறான். ஸ்மீகோல் என்ற அவனுடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். முதல் படி இது. கயிறு அவிழ்ந்ததால் கோல்லம் ஓடிவிடலாம், ஓடவில்லை.

அடுத்து சதுப்பு நிலத்தைக் கடக்க வழிகாட்டுகிறான், அதுவும் நேர்மையாக. ஆனால் ஒரு நாள் அவன் தனக்குள் இரண்டு குரலாக வாதாடிக்கொள்வதை சாம் காதால் கேட்டுவிடுகிறான். எதிரி எங்கிருந்து வருவான் என்பது வாசகருக்கு இங்கேயே தெரிந்துவிட்டது. ஆசிரியர் ஒளிக்கவில்லை. உங்கள் கைப்பிரதியில் 21 வரை எதையும் காட்டாமல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதிர்ச்சிக்காக ஒளித்தால் கிடைப்பது ஒரு பக்கத்து அதிர்ச்சி மட்டும். முன்பே தெரிந்தால் வரும் பதைப்பு பத்து அத்தியாயத்துக்கு நீளும்.

பிறகு இத்திலியன் காட்டில் சாம் கேட்டதற்காக இரண்டு முயல் பிடித்துவருகிறான். சாம் அதைச் சமைக்கிறான். கோல்லத்துக்குச் சமைத்த உணவே பிடிக்காது, நெருப்பும் பிடிக்காது. அந்த அடுப்பின் புகையைப் பார்த்துத்தான் அங்கே காவல் இருக்கும் தளபதி ஃபாராமிரின் ஆட்கள் வந்து ஃப்ரோடோவையும் சாமையும் பிடிக்கிறார்கள். பார்த்தீர்களா, ஒரு சின்ன உதவி எவ்வளவு தூரம் போகிறது!

மார்ச் 8, விடியும் முன்: தடை செய்யப்பட்ட குளத்தில் கோல்லம் மீன் பிடித்துத் தின்றுகொண்டிருக்கிறான். அங்கே வந்தவனுக்கு மரண தண்டனை. வில்லாளிகள் குறிவைத்து நிற்கிறார்கள். அவன் உயிரைக் காப்பாற்ற ஒரே வழி, ஃப்ரோடோ இறங்கிப்போய் எசமானை நம்பி வா என்று நைச்சியமாகக் கூப்பிடுவது. வருகிறான். வந்ததும் ஆட்கள் அமுக்கிக் கட்டுகிறார்கள். ஃப்ரோடோ உயிர்ப்பிச்சை வாங்கிக் கொடுத்திருக்கிறான், கோல்லம் கண்ணுக்கு அது காட்டிக்கொடுத்தல். இந்த இடம்தான் அச்சாணி. துரோகிக்கு முதலில் ஒரு காயம் வேண்டும். அந்தக் காயத்தை நல்லவன் நல்ல எண்ணத்தோடு ஏற்படுத்தியிருக்க வேண்டும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்போது வாசகரால் யாரையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

மார்ச் 11: கோல்லம் ஷீலோப் என்னும் ராட்சதச் சிலந்தியிடம் போய்விட்டு, இருவரும் தங்கியிருக்கும் மலைப் படிக்கட்டுக்குத் திரும்புகிறான். ஃப்ரோடோ சாமின் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான், சாமும் தூங்கிவிட்டான். கோல்லம் நின்று பார்க்கிறான். முகம் மாறுகிறது. கை நடுங்க, மெல்ல, ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்தக் கணத்தில் பார்க்கிறவருக்கு அவன் களைத்துப்போன ஒரு கிழ ஹாபிட், ஃப்ரோடோவைப் போலவே அந்தக் குள்ள இனத்தவன். தூக்கத்தில் ஃப்ரோடோ முனகுகிறான், சாம் விழிக்கிறான், தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சள்ளென்று விழுகிறான், பதுங்கித் திரிகிறாயா என்கிற தொனியில். அவ்வளவுதான், கணம் போய்விட்டது. சாம் பிறகு தன் கடுமைக்கு வருத்தமும் தெரிவிக்கிறான். பயனில்லை. மறுநாள் கோல்லம் அவர்களைச் சிலந்தியின் குகைக்குள் நடத்திப்போகிறான். கதை முழுவதிலும் மிகத் துயரமான கணம் இதுவாக இருக்கலாம் என்று டோல்கீனே 1963ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார்.

ஆக மொத்தம் பிப்ரவரி 29 முதல் மார்ச் 12 வரை. (அந்த நாள்காட்டியில் பிப்ரவரிக்கு 30 நாள்.) முழுதாக இரண்டு வாரம்கூட இல்லை. துரோகத்துக்கு வேண்டியது நீண்ட காலம் இல்லை, சரியான வரிசை: கட்டு அவிழ்தல், நேர்மையான உதவி, உள்ளே ஓடும் சண்டையை வாசகருக்குக் காட்டுதல், நல்லெண்ணத்தால் வந்த காயம், திரும்பிவிடக்கூடிய ஒரு கணம், அது தவறிப்போதல்.

உங்கள் படகோட்டிக்கு 4க்கும் 21க்கும் இடையில் 16 அத்தியாயம் இருக்கிறது. இடம் தாராளம். காயத்தை 17 வாக்கில் வையுங்கள். தவறிப்போகும் கணத்தை 20இல் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே அவன் எதிரியிடம் ஏற்கெனவே ஒரு முறை பேசிவிட்டான் என்பதை வாசகருக்குக் காட்டிவிடுங்கள். 510ஆம் குறள் நினைவுக்கு வருகிறது: ஆராயாமல் நம்புவதும் தீராத துன்பம், நம்பிய பின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம். ஃப்ரோடோ கோல்லத்தை அறிந்தே நம்பினான். சாம் கடைசிவரை நம்பவில்லை. இருவரும் ஒரே படிக்கட்டில் இருந்தார்கள் என்பதுதான் அந்தக் காட்சியின் வலி.

நிலாமுற்றம்:

பனைநிழல் சொன்ன வரிசை சரி. ஆனால் சாமைச் சந்தேகக்காரன் என்று மட்டும் வைத்துவிட வேண்டாம். உப்பங்கழியின் தோழிப் பாத்திரத்துக்குத் தேவையான மருந்து சாமிடம்தான் இருக்கிறது.

அதே நாவலின் தொடக்கத்தில், ஃப்ரோடோ மோதிரத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பத் திட்டமிடுகிறான். நண்பர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று நினைக்கிறான். கடைசியில் பார்த்தால் மெர்ரி, பிப்பின், சாம், ஃப்ரெடிகார் நால்வருக்கும் எல்லாம் தெரியும். மாதக்கணக்காக அவனை உளவு பார்த்திருக்கிறார்கள், தலைமை உளவாளி சாம். ஃப்ரோடோவுக்கு முதலில் கோபம் வருகிறது, பிறகு நெஞ்சு இளகிவிடுகிறது. உன் ரகசியத்தை உன்னைவிடப் பத்திரமாகக் காப்போம், ஆனால் தனியாகப் போகவிட மாட்டோம் என்பது அவர்கள் நிலை. கூடவே வருகிற பாத்திரத்துக்கும் தோழமைப் பாத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. தோழி, நாயகியின் விருப்பத்துக்கு எதிராக, அவள் நன்மைக்காக, ஒரு காரியமாவது செய்ய வேண்டும். நாயகி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால் வாசகருக்கு அவள் முகம் நினைவில் நிற்காது.

ஃப்ரெடிகாரைக் கவனியுங்கள். அவன் பயணத்துக்கு வரவில்லை. ஃப்ரோடோ இன்னும் வீட்டில் இருப்பதுபோல் ஊருக்குப் பாசாங்கு காட்ட அங்கேயே தங்குகிறான், அந்த வீட்டுக்குத்தான் பிறகு எதிரியின் கறுப்புக் குதிரைவீரர்கள் வருகிறார்கள். பின்தங்குவதும் நட்பின் ஒரு வேலைதான். ஏழு தீவுக் கதையில் எல்லோரும் படகில் ஏற வேண்டியதில்லை.

சந்தேகக்காரர் ஏன் தேவை என்பதற்கு பிரீ ஊர் விடுதிக் காட்சி பாடம். ஸ்ட்ரைடர் என்ற அழுக்கு அங்கிக்காரன் உதவுகிறேன் என்கிறான். சாம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். ஃப்ரோடோவின் நண்பரான மந்திரவாதி காண்டால்ஃப் எழுதிய கடிதத்தை விடுதிக்காரர் அனுப்ப மறந்து அப்போதுதான் கொண்டுவந்து கொடுக்கிறார். அதில் ஸ்ட்ரைடருக்குச் சான்று இருக்கிறது. ஆனால் கடிதம் வருவதற்கு முன்பே ஃப்ரோடோ அவனை நண்பன் என்று ஓரளவு நம்பிவிட்டான். எதிரியின் ஒற்றன் பார்க்க இதைவிட அழகாகவும், பழக இதைவிட அருவருப்பாகவும் இருப்பான் என்பது அவன் கணக்கு. ஸ்ட்ரைடரும் ஓர் ஏக்கத்தைச் சொல்கிறான்: சான்று எதுவும் இல்லாமல் தன்னைத் தனக்காகவே ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தானாம், துரத்தப்படுகிறவனுக்குச் சில சமயம் நட்புக்கு ஏங்கும் மனம் வந்துவிடுகிறதாம். அந்த ஒரு வாக்கியத்தால் அவன் காவலாளியிலிருந்து மனிதனாகிறான்.

வாசகருக்கு எழும் சந்தேகத்தைக் கதைக்குள்ளேயே ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால், வாசகர் அதைச் சுமக்க வேண்டியதில்லை. யாரும் கேட்காமல் விட்டால் நாயகி ஏமாளியாகத் தெரிவாள். உங்கள் 4ஆம் அத்தியாயத்தில் தோழி அந்த வேலையைச் செய்யட்டும். இவன் ஏன் கூலி பேசவில்லை என்று கேட்கட்டும்.

உப்பங்கழி:

மிகவும் நன்றி. 29 மட்டும் இன்னும் சிக்கல். அவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கும் காட்சி நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். நாயகி அழுகிறாள், ஏற்றுக்கொள்கிறாள். தோழி அவனை வெட்டப்போகிறாள், நாயகி தடுக்கிறாள். இதை எப்படிச் சரிசெய்வது?

எழுத்தாணி:

நான்கு பக்க மன்னிப்பை அரைப் பக்கமாக்குங்கள். லெ குவின் 1971இல் எழுதிய 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' முழுக்க இந்தச் சிக்கல்தான். இருட்டுச் சுரங்கத்தின் பூசாரிப் பெண் டெனார், உள்ளே திருட வந்த கெட்டை அடைத்துப்போட்டுத் தாகத்தில் சாகவிடப் பார்க்கிறாள். துளைவழியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு தண்ணீர் கொடுக்கிறாள். நம்பிக்கை தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. மன்னிப்புப் பேச்சு எதுவும் இல்லை. அவனிடம் இருட்டைத் தாங்கிப்பிடிக்கும் மந்திரம் இருக்கிறது, வழி தெரியாது. அவளுக்கு வழி தெரியும், எந்தத் திருப்பம் எத்தனாவது என்று எண்ணி மனப்பாடம். தனியாக இருவருமே வெளியேற முடியாது. ஒருவர் குறையை மற்றவர் திறமை நிரப்பும்படி அமைத்துவிட்டால், சேர்ந்து நடப்பதே சமாதானம்.

இன்னொன்று, வெளியே வந்த பிறகு எல்லாம் சுபம் என்று அவர் முடிக்கவில்லை. கடற்கரையில் டெனார் அவனைக் கொல்லும் எண்ணத்தோடு கத்தியை எடுக்கிறாள். காப்பாற்றப்பட்ட பிறகும் நம்பிக்கை சறுக்கும் என்று காட்டுகிறார். உங்கள் 29இல் ஏற்றுக்கொண்டாலும் 30இல் நாயகிக்கு ஒரு சறுக்கல் வையுங்கள். அவன் படகில் கைநீட்டினால் அவள் விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளட்டும். அவனும் ஒன்றும் சொல்லாமல் துடுப்பை எடுக்கட்டும்.

பனைநிழல்:

தோழி வெட்டப்போவதை நாயகி தடுக்க வேண்டாம், தோழியே நிறுத்திக்கொள்ளட்டும். எரிமலையில், கடைசி நாளில், சாமின் வாளுக்கு முன்னால் கோல்லம் கிடக்கிறான். வெட்டுவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் இடையில் சில காலம் சாமே மோதிரத்தைச் சுமந்துவிட்டான். அந்தக் கனம் என்னவென்று அவன் உடம்புக்குத் தெரியும், கை எழவில்லை. அவன் விட்டதால்தான் கோல்லம் தொடர்ந்து வந்து, மார்ச் 25இல் மோதிரத்தோடு நெருப்பில் விழ முடிந்தது. ஃப்ரோடோ கடைசியில் மோதிரத்தை எறிய மறுத்துவிட்டான் என்பதை மறக்கக்கூடாது. சாம் அன்று வெட்டியிருந்தால் பயணமே தோற்றிருக்கும்.

ஆகவே 21க்குப் பிறகு நாயகி காயப்பட்டுக் கிடக்கட்டும். 22 முதல் 25 வரை விளக்கு தோழியின் கையில் இருக்கட்டும். இரவில் கை மரத்துப்போவது, இடது கைக்கு மாற்றும்போது சுடர் குனிவது, எண்ணெய் விரலில் வழிந்து கொப்புளம் போடுவது, தூக்கம் கண்ணை அமுக்கும்போது யாரிடமாவது கொடுத்துவிட்டுப் படுக்கலாமா என்று மனம் சொல்வது, இதையெல்லாம் நெருக்கமாக எழுதுங்கள். படகோட்டி இவர்களை எதிரியிடம் காட்டிக்கொடுத்தது ஏன் என்பது அவளுக்கு அந்த நான்கு அத்தியாயத்தில் விளங்கிவிடும், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம்.

15இல் படகோட்டி முதலில் வாங்கும் காட்சியை 7க்கு இழுத்து, அதைத் தோழிக்குக் கொடுங்கள். அவள் வாங்கத் தயங்கட்டும், நாயகி அவள் விரல்களைத் தண்டைச் சுற்றி ஒவ்வொன்றாக மடித்து வைக்கட்டும். பிறகு 15இல் அதே விரல் மடிப்பு படகோட்டிக்கு. 31இல் அவன் கேட்காமல், தோழி அவன் விரலை மடித்து வைத்தால் போதும்.